இடது பக்கத்துப் பற்கள்

பல் ஒரு கைக்குட்டைக்குள் மடிந்து வந்தது.

கொண்டுவந்தவர் கடைத்தெருவில் கண்ணாடி வியாபாரம் செய்பவர். நிலைக்கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, படத்துக்குச் சட்டம் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். ஐம்பதை நெருங்கிய வயது. கசங்காத சட்டை. பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல மெதுவாகப் பேசினார்.

"கடைக்குள்ள திருடன் புகுந்துட்டான். போகும்போது இதை விட்டுட்டுப் போயிருக்கான். போலீஸ்ல காட்டினேன். சிரிக்கிறாங்க."

"சிரிக்க அவங்களுக்குப் பல் இருக்கு," என்றான் சோடா.

சோடா என்பது அவனுடைய மூக்குக் கண்ணாடியின் தடிமனுக்குக் கிடைத்த பெயர். அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவர், அதை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து பல வருஷம் ஆகியும் டீச்சர்தான். அவருடைய சம்பளத்தில் இருந்த ஒரே ஆள் சோடா. அந்தச் சம்பளம் போதவில்லை என்பதை வாயால் ஈடுகட்டிக்கொண்டிருந்தான்.

டீச்சர் கைக்குட்டையைத் தன் பக்கம் இழுத்தார். முழுப் பல்செட் இல்லை. மேல் அண்ணத்தில் ஒட்டி உட்காரும் இளஞ்சிவப்புத் தகடு. அதன் இடது ஓரத்தில் வரிசையாக மூன்று பற்கள். பக்கத்தில் இருக்கும் சொந்தப் பற்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பிக் கொக்கிகள்.

"என்ன திருட்டுப் போச்சு?" என்று கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்ல."

"சின்னதா?"

"அதெல்லாம் போகட்டும் டீச்சர். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். இது எந்த டாக்டர்கிட்ட செஞ்சது? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"டாக்டரைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"பல்லைத் தொலைச்சவ திரும்ப அங்கதானே போயாகணும். அளவு அங்கதானே இருக்கும்."

டீச்சர் தலையாட்டினார். பல்லைக் கைக்குட்டையோடு எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "கடையைப் பார்த்துடலாமா? இப்பவே."

கண்ணாடிக்கடைக்காரர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சரி என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் மனிதராகத்தான் தெரிந்தார்.

கடைக்குள் காலை வைத்ததும் செருப்புக்கு அடியில் நறநறவென்றது. நாலு சுவரிலும் கண்ணாடிகள். சோடா எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு சோடா அவனை முறைத்தான்.

"இவ்வளவு பேரை வெச்சுக்கிட்டா திருடன் வந்தான்?" என்றான். "எல்லாருமே பார்த்திருப்பாங்களே."

"பல் எங்க கிடந்தது?" என்று கேட்டார் டீச்சர்.

கண்ணாடி அறுக்கும் மேஜைக்குக் கீழே கையைக் காட்டினார் கடைக்காரர். டீச்சர் குனிந்து தரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி மினுமினுத்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் அளவுச் சீட்டோடு வந்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு துண்டுக் கண்ணாடியை மேஜையில் போட்டு, வலது கையில் வைரமுனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கீறிய இடத்தில் தட்டியதும் கண்ணாடி சொன்னபடி கேட்டுப் பிரிந்தது. காகிதத்தில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டி, மிச்சக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். நல்ல உறுதியான பற்கள்.

"பாத்ரூம் எங்க இருக்கு?" என்று சோடா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மாடியில. வீடு அங்கதான்." கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "நான் மட்டும்தான் இருக்கேன். போட்டது போட்டபடி கிடக்கும்."

"எங்க வீட்டைப் பார்த்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு சோடா படியேறினான். சீக்கிரமே திரும்பியும் வந்துவிட்டான். முகத்தில் வயிற்றுவலி இல்லை.

இருவரும் தெருமுனையில் இருந்த காப்பிக் கடையின் மூலை மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

"முதல்ல நீ சொல்லு," என்றார் டீச்சர்.

"மாடியில ஒரு கண்ணாடிகூட இல்ல டீச்சர். கீழே ஊருக்கே முகம் காட்டறவர் வீட்ல முகம் பார்க்க வழியில்ல. வாஷ்பேசினுக்கு மேல ஆணி இருக்கு, கண்ணாடி மாட்டியிருந்த தடம் இருக்கு, கண்ணாடி இல்ல. கீழ் அலமாரியில பல்செட் ஊறவைக்கிற மாத்திரை அட்டை. பாதி காலி. பக்கத்துல ஒரு டம்ளர், உள்ளே வெள்ளையா உப்புக்கோடு. அவருக்கு இருக்கிறது எல்லாம் சொந்தப் பல். சணலையே கடிக்கிறார்."

"அப்ப அந்த வீட்ல இன்னொருத்தர் இருந்திருக்காங்க."

"இருந்திருக்கா," என்று திருத்தினான் சோடா. "திருடன்னு ஆரம்பிச்சார், புகுந்துட்டான்னு சொன்னார். கடைசியில 'தொலைச்சவ'ன்னு முடிச்சார். ஒரு 'ன்' குறைஞ்சதுல ஆம்பளை பொம்பளை ஆயிட்டான்."

டீச்சர் சிரிக்கவில்லை. பையிலிருந்து பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இந்தத் தகட்டைப் பாரு. வழவழன்னு இருக்கு. அந்தத் தரையில எதையாவது போட்டு எடுத்தா கீறாம இருக்குமா? கண்ணாடித் தூள் கிடக்கு. இது அங்க விழவே இல்ல. எங்கேயோ பத்திரமா வெச்சு எடுத்திருக்கார்."

"திருட்டு பொய்."

"திருட்டு பொய். தேடறது நிஜம்."

சோடா காப்பியை ஆற்றினான். "ஒருவேளை பொண்டாட்டியை என்னமாவது பண்ணிட்டு, பல்லை மட்டும் வெச்சுக்கிட்டு நாடகம் ஆடறாரோ?"

"செத்தவங்க திரும்ப டாக்டர்கிட்ட போவாங்கன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. அவ உயிரோட இருக்கா. எங்க இருக்கான்னு இவருக்குத் தெரியல. பல் இல்லாம கிளம்பிட்டா, புதுப் பல்லுக்கு வந்துதான் ஆகணும்னு கணக்குப் போட்டிருக்கார். ஏன் கிளம்பினா, அதுதான் தெரியணும். அவ இவரை ஏமாத்திட்டுப் போனாளா, இவர் எதையாவது மறைக்கறாரா. இப்பவே யார் பக்கமும் சாய வேண்டாம்."

டீச்சர் பல்லை இன்னும் கிட்டே கொண்டுபோனார். பிறகு சோடாவிடம் நீட்டினார்.

"மூணு பல்லும் ஒரே நிறமா?"

சோடா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தான். கிட்டப் பார்வையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. "இல்ல. ஓரத்துல இருக்கிறது லேசா மஞ்சள். நடுவுல இருக்கிறது கொஞ்சம் வெளுப்பு. கடைசிப் பல் புதுசு மாதிரி பளிச்சுன்னு இருக்கு. தகடும் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு."

"மூணும் ஒரே நாள்ல பிறக்கல. முதல்ல ஒரு பல்லுக்குச் செஞ்சாங்க. அப்புறம் இன்னொரு பல் போச்சு. அதே தகட்டை நீட்டிச் சேர்த்தாங்க. அப்புறம் இன்னொண்ணு. தனியா கிளினிக் வெச்சிருக்கிற டாக்டரா இருந்தா பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு செய்யச் சொல்லியிருப்பார். இவ்வளவு பொறுமையா ஒட்டுப் போட்டது படிக்கிற பிள்ளைங்க. உள்பக்கம் பாரு, ஊசியால கீறின மாதிரி ஒரு எண். ஒருத்தர் பல் இன்னொருத்தர் வாய்க்குப் போயிடக் கூடாதுன்னு போட்டது."

ஊரில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றுதான் இருந்தது.

பல்செட் பிரிவு மேல்தளத்தில் இருந்தது. நீளமான கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அண்ணாந்து கிடந்தார். பிளாஸ்டர் பொடி வாசனையும் சூடான மெழுகு வாசனையும் கலந்து வந்தன. ஒரு பெரியவர் புதுப் பல்செட்டோடு மாணவர் எதிரே உட்கார்ந்து "ச, சா, சி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் விசிலடித்தது.

பேராசிரியை தன் அறையில் அவர்களை நிற்கவைத்தே பேசினார். நரைத்த குட்டை முடி. கையுறையைக் கழற்றவில்லை. டீச்சர் மேஜைமேல் வைத்த பல்லை ஒரு பார்வை பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. ஆனால் வாய் மூடிக்கொண்டது.

"நோயாளிகளைப் பத்தி வெளியாட்களுக்குச் சொல்றதில்ல. இதை வெச்சுட்டுப் போங்க."

"பேர் வேண்டாம். விலாசம் வேண்டாம்," என்றார் டீச்சர். "ஒண்ணே ஒண்ணு. அந்தம்மா பல் எப்படிப் போச்சுன்னு சொன்னாங்க? கீழே விழுந்துட்டேன்னா?"

பேராசிரியை ஒரு கையுறையைக் கழற்றினார்.

"முதல் தடவை பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னாங்க," என்றார். "அடுத்த தடவை மாடிப்படி. மூணாவது தடவை கதவு. நான் கேட்டுப் பார்த்தேன். எங்க சமூகப் பணியாளரை வரச் சொல்லியும் கேட்கவெச்சேன். விழுந்துட்டேன்னு மட்டும்தான் சொன்னாங்க."

டீச்சர் சோடாவைத் திரும்பிப் பார்த்தார். "இங்க வா. என் எதிர்ல நில்லு. வலது கையை ஓங்கு."

"எதுக்கு டீச்சர்?"

"ஓங்குடா. மெதுவா என் முகத்துகிட்ட கொண்டு வா. எங்க வந்து நிக்குது?"

சோடாவின் கை டீச்சரின் இடது கன்னத்துக்கு அருகில் வந்து நின்றது. மேல் உதட்டின் இடது ஓரம். அவன் மேஜைமேல் இருந்த மூன்று பற்களைப் பார்த்தான். கையை உடனே கீழே போட்டுவிட்டான்.

"பாத்ரூம்ல வழுக்கறவங்க ஒரு பக்கமா விழலாம்," என்றார் டீச்சர். "படியில உருள்றவங்க இன்னொரு பக்கம் விழலாம். மூணு தடவையும் அதே இடத்துல, பக்கத்துப் பக்கத்துப் பல்லா போகாது. ஒரு வலதுகைக்காரர் எதிர்ல நின்னாத்தான் போகும்."

பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்தார். "இதை உங்ககிட்ட யார் கொடுத்தாங்க?"

"புருஷன். இது எங்க செஞ்சதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னார். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா அவர் தேடறார்னு அந்தம்மாகிட்ட நீங்க சொல்லணும்."

"நீங்களே சொல்லலாம்," என்றார் பேராசிரியை. "அவங்க இப்ப கூடத்துலதான் இருக்காங்க. புதுப் பல்லை மெழுகுல வெச்சு அளவு பாக்கிறோம்."

சோடா ஜன்னலோரம் போய் நின்றிருந்தான். வெளியே பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னான். "டீச்சர். கீழே ஒரு வேன் நிக்குது. பக்கவாட்டுல கண்ணாடி சாய்ச்சு வைக்கிற மரச்சட்டம். வண்டியில ஆள் இல்ல."

டீச்சரும் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடிக் கடையிலிருந்து கிளம்பியதையும், காப்பிக் கடையையும், பேருந்தில் வந்ததையும் நினைத்துப் பார்த்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவருக்கு நம்ம பதில் தேவையே இல்ல," என்றார். "நாம போற வழி தெரிஞ்சா போதும்னு இருந்திருக்கார். நாமதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

கூடத்தின் கடைசி நாற்காலியில் அவள் இருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு மாணவி சின்னக் கண்ணாடியைக் காட்ட, அவள் அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் குனிந்து நாலே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். பிறகு பழைய பல்லைக் கைக்குட்டையோடு காட்டினார்.

அவள் அதைத் தொடவில்லை. மெழுகுப் பல் வைத்த வாயால் பேசக் கூடாது என்பதால் அதை மாணவி எடுக்கும்வரை காத்திருந்தாள். எடுத்ததும் உடனே கை வாய்க்குப் போய் மூடிக்கொண்டது. கைக்குப் பின்னாலிருந்து பேசினாள். காற்று இடுக்கில் புகுந்து வார்த்தைகளைக் கலைத்தது.

"ராத்திரி கழட்டி டம்ளர்ல போடுவேன். காலையில டம்ளர் காலியா இருக்கும். அவர் எடுத்துப் பூட்டி வெச்சுடுவார். எங்கயாவது போகணும்னா கேட்டு வாங்கணும். எதுக்குப் போறே, யாரைப் பாக்கப் போறேன்னு சொன்னாத்தான் கொடுப்பார். இங்க வரும்போது மட்டும் கோயிலுக்குன்னு பொய் சொல்லிடுவேன். வீட்ல இருந்த கண்ணாடியை எல்லாம் நானே கழட்டிட்டேன், இந்த வாயைப் பாக்கப் பிடிக்காம. பல் இல்லாம நான் வாசலைத் தாண்ட மாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

"அப்புறம் எப்படி வந்தீங்க?" என்று சோடா கேட்டான்.

"இல்லாமத்தான் வந்தேன். கைக்குட்டையால மூடிக்கிட்டு. ஒரு ஹாஸ்டல் சலவைக்கூடத்துல வேலை கேட்டேன். பேசச் சொன்னாங்க. கையை எடுத்துட்டுப் பேசினேன். துணி துவைக்கப் பல் எதுக்குன்னு சொல்லி வேலை கொடுத்துட்டாங்க."

"பின்னாடி ஒரு படி இருக்கு," என்றார் பேராசிரியை. "சமையல்கூடம் வழியா வெளிய போயிடலாம். நான் கூட வர்றேன்."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். இறங்கும்போதே கூடத்தின் வாசலில் அந்த மெதுவான குரல் கேட்டது.

"என்ன டீச்சர், கண்டுபிடிச்சுட்டீங்களே. ரொம்ப சந்தோஷம்."

கண்ணாடிக்கடைக்காரர் வரிசையாக அண்ணாந்து கிடந்தவர்களைப் பார்த்துப் பணிவாகத் தலையசைத்தார். "என் வீட்டம்மா. கொஞ்ச நாளா மனசு சரியில்ல. சொல்லாம கொள்ளாம கிளம்பி வந்துட்டா. பாருங்க, பல்லைக்கூட விட்டுட்டு." அவளைப் பார்த்துக் கையை நீட்டினார். வலது கை. "வா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். இப்படி வாயோட நாலு பேர் முன்னாடி நிக்கிறது உனக்கே நல்லாவா இருக்கு?"

சோடா நடைபாதையின் குறுக்கே வந்து நின்றான். "சார், இங்க டோக்கன் வாங்காம யாரும் உள்ள வரக் கூடாது. உங்களுக்கு எந்தப் பல்லு ஆடுது?"

"தம்பி, தள்ளு. இது குடும்ப விஷயம்."

"அதான் சார் சொல்றேன். குடும்பத்துல யாருக்குப் பல் போனாலும் இங்கதான் வருவாங்க. உங்களுக்குப் போனாலும் இங்கதான்."

கடைக்காரரின் முகத்தில் இருந்த பணிவு ஒரு கணம் நழுவியது. சோடாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார். மெல்லிய குரலுக்குப் பொருந்தாத பலம் அது. சோடாவின் கண்ணாடி தரையில் போய் விழுந்தது. கூடத்தில் இருந்த எல்லாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ச, சா, சி" சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

டீச்சர் பின்படிப் பக்கம் கையைக் காட்டினார். அவள் போகவில்லை. சோடா தரையில் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். குனிந்து அவன் கண்ணாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பிறகு புருஷனுக்கு எதிரே வந்து நின்றாள், அவர் கைக்கு எட்டாத தூரத்தில்.

"நான் விழலை," என்றாள்.

"என்ன சொல்றே?"

"இவங்க எல்லார்கிட்டயும் விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். விழலை." 'ழ' சரியாக வரவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவையும் சரியாக வரவில்லை. ஆனாலும் அங்கிருந்த ஒருத்தருக்குக்கூட அது புரியாமல் போகவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் சுற்றிலும் பார்த்தார். மாணவர்கள் கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேராசிரியை தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது: போலீஸ் ஸ்டேஷனா, பல் மருத்துவக் கல்லூரி, மேல்தளம், உடனே வாங்க. கடைக்காரர் திரும்பி, ஓடாமல், ஓடுவதற்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் படியிறங்கினார். சோடா ஜன்னலில் நின்று வேனின் எண்ணை உரக்கப் படித்தான், டீச்சர் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

"அவரைப் பிடிச்சுடுவாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"கடையும் வீடும் எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் டீச்சர். "ஆனா புகார் நீங்க கொடுத்தாத்தான் போலீஸ் அங்க போகும். நான் உங்களுக்குத் தீங்கு பண்ண இருந்தேன், தெரியாம. அதனால வற்புறுத்த மாட்டேன்."

அவள் டீச்சரின் கையில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தாள். "அதைக் கொடுங்க. போட்டுக்க இல்ல. அங்க காட்டறதுக்கு."

"ரெண்டு நாள் பொறுத்தா புதுப் பல் தயாராயிடும்," என்றார் பேராசிரியை. "அதைப் போட்டுக்கிட்டுப் போறீங்களா? பேச வசதியா இருக்கும்."

"இல்ல டாக்டர். இப்படியே போறேன்."

காவல் நிலையத்தில் பெண் இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சரும் சோடாவும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சோடாவின் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது.

"நிதானமாச் சொல்லுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "கையை எடுத்துட்டுச் சொன்னா நல்லாக் கேட்கும்."

அவள் வாயிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் பல்லிலிருந்து ஆரம்பித்தாள்.